திங்கள், புதன், சனி: கட்டுமாவடியிலிருந்து பார்த்தால் பாக் விரிகுடா

கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கிலிருந்து வந்தால், தஞ்சாவூர் மாவட்டம் முடிந்து புதுக்கோட்டை மாவட்டம் தொடங்குகிற இடத்தில் இருக்கிறது கட்டுமாவடி. மீன் மார்க்கெட்டால் பெயர் பெற்ற ஊர். இந்தக் கரையில் மீனுக்கும் கிழமை உண்டு. தெற்கே இருக்கும் கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் விசைப்படகுகள் திங்கள், புதன், சனிக்கிழமைகளில் டோக்கன் வாங்கிக்கொண்டு கடலுக்குப் போகும். மறுநாள் கரை திரும்பும். மற்ற நாள்களில் கடல் நாட்டுப்படகுக்காரர்களுக்கு.

இந்த ஏற்பாடு சும்மா வரவில்லை. விசைப்படகு இழுக்கும் மடி வலை நாட்டுப்படகின் வலையை அறுத்துக்கொண்டு போக, கடலிலும் கரையிலும் பல ஆண்டுகள் மோதல் நடந்த பிறகு வந்தது. இதில் யாருக்கும் முழுத் திருப்தி கிடையாது. மீறல்களும் உண்டு. ஆனாலும் ஒரே கடலில் இரண்டு வகைத் தொழில் செய்கிறவர்கள் நாளைப் பிரித்துக்கொண்டு இத்தனை காலம் ஓட்டியிருக்கிறார்கள்.

இந்தியா-இலங்கை உறவைப் பற்றிய கட்டுரையைக் கிழமையில் தொடங்கக் காரணம் இருக்கிறது. பாக் விரிகுடாவின் எல்லைக்கோட்டைச் சுற்றியே இரண்டு அரசுகளும் ஐம்பது ஆண்டுகளாகப் பேசிவருகின்றன. எந்த வலை, எந்த நாள், யாருக்கு என்ற பேச்சை இந்தக் கரை எப்போதோ தொடங்கிவிட்டது. எனக்கு இரண்டாவது பேச்சுதான் முக்கியமாகப்படுகிறது.

நண்டு வலை போடுகிறவரின் வேலையைக் கொஞ்சம் பக்கத்தில் இருந்து பார்க்கலாம். முதல் நாள் போட்ட வலையை மறுநாள் எடுத்துவந்து, மணலில் உட்கார்ந்து, சிக்கிய நண்டை ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும். கால் ஒடிந்தால் விலை இறங்கும். அதனால் நூலை ஒரு விரலால் தூக்கி, கொடுக்கை மறு கையால் மடக்கி, பொறுமையாக உருவுவார்கள். வீட்டுப் பெண்களும் கூட உட்காருவார்கள். வலை மெல்லிய நைலான். கடலடியில் சும்மா நிற்கும், நண்டு தானாக வந்து சிக்கும். இரவில் அந்த வழியே ஓர் இழுவை மடி போனால் மறுநாள் எடுக்க வலையே இருக்காது. பல ஆயிரம் ரூபாய் முதலீடு ஒரே இரவில் போய்விடும். எதிர்க்கரையில் நெடுந்தீவிலும் பருத்தித்துறையிலும் வலை போடுகிற தமிழ் மீனவருக்கு நடப்பதும் இதுவேதான். இந்த ஒற்றுமையைக் கவனிக்காமல் எழுதப்படும் வெளியுறவு அலசல் எதுவும் பாதி அலசல்தான்.

இழுவை மடி வேலை செய்யும் விதம் எளிது. கூம்பு வடிவ வலை. வாயை விரித்துப் பிடிக்க இரு பக்கமும் கனமான பலகைகள். அடியில் இரும்புச் சங்கிலி. விசைப்படகு இழுக்க இழுக்க அது கடலடியைச் சுரண்டிக்கொண்டே போகும். இறாலைக் கிளப்ப அப்படிச் சுரண்டித்தான் ஆக வேண்டும். ஆழ்கடலில் இதன் காயம் கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். பாக் விரிகுடாவோ ஆழமில்லாத கடல். பல இடங்களில் பத்து மீட்டர் அளவுதான். அடியில் கடல்புல் மேய்ச்சல் நிலம்போல் பரந்து கிடக்கிறது. இறால் குஞ்சும் நண்டுக் குஞ்சும் வளர்வது அதில்தான். கடல்பசு மேய்வதும் அங்கேதான். 2022 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டரைக் கடல்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. அதிராம்பட்டினத்துக்கும் அம்மாபட்டினத்துக்கும் இடைப்பட்ட கடல் அது. கட்டுமாவடி நடுவில் வருகிறது.

மடியின் கதையில் அரசுக்கும் பங்குண்டு. 1950களில் நார்வே நாட்டின் உதவியோடு கேரளத்தில் தொடங்கிய மீன்வளத் திட்டத்தின் வழியாக இழுவைத் தொழில் இந்தியாவில் வேரூன்றியது. இறால் ஏற்றுமதியில் டாலர் வந்தது. கடன், மானியம் கொடுத்து விசைப்படகை ஊக்குவித்தார்கள். இன்று அதே விசைப்படகுக்காரரை மட்டும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது நியாயமில்லை. படகில் போகிறவர்களில் பெரும்பாலோர் முதலாளிகளும் இல்லை. பங்குக்கும் கூலிக்கும் தொழில் செய்கிறவர்கள். இலங்கைச் சிறைக்குப் போவது அவர்கள்தான்.

இனி எல்லைக்கோட்டுக்கு வருவோம். 1974 ஜூன் 26-இல் கொழும்பிலும் 28-இல் டெல்லியிலுமாக இந்திரா காந்தியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் பாக் விரிகுடாவில் கோடு போட்டது. சுமார் 285 ஏக்கர் கச்சத்தீவு இலங்கைப் பக்கம் போனது. இந்திய மீனவரும் யாத்திரிகரும் முன்போலவே தீவுக்குப் போய்வரலாம், அதற்கு விசா முதலியவை வேண்டாம் என்றது 5-ஆவது பிரிவு. இரு நாட்டுப் படகுகளுக்கும் மற்றவர் கடலில் மரபுவழி உரிமைகள் தொடரும் என்றது 6-ஆவது பிரிவு. அந்த ஆகஸ்டில் தமிழ்நாடு சட்டமன்றம் ஒப்பந்தத்தை எதிர்த்துத் தீர்மானம் போட்டது. 1976 மார்ச் 23-இல் மன்னார் வளைகுடா எல்லை ஒப்பந்தத்தை ஒட்டி இரு நாட்டு வெளியுறவுச் செயலர்களும் கடிதம் மாற்றிக்கொண்டார்கள். ஒரு நாட்டு மீன்பிடிப் படகு மற்ற நாட்டுக் கடலில் மீன் பிடிக்கக் கூடாது என்றது அந்தக் கடிதம். அது நெருக்கடி நிலைக் காலம். தமிழ்நாட்டு அரசு அந்த ஜனவரி 31-இல்தான் கலைக்கப்பட்டிருந்தது. மீனவரின் வாழ்க்கையை மாற்றிய கடிதத்தைப் பற்றிக் கேள்வி கேட்கச் சென்னையில் சட்டமன்றம் இல்லை. இந்த வருத்தம் இந்தக் கரையில் இன்னும் ஆறவில்லை. ஆறாததில் நியாயமும் இருக்கிறது.

கோடு போட்ட கையோடு சண்டை வந்துவிடவில்லை. 1983-க்குப் பிறகு இலங்கையில் போர். வடக்குத் தமிழ் மீனவர்களைக் கடலுக்கே போகவிடாமல் கட்டுப்பாடுகள் முடக்கின. அவர்கள் இல்லாத கடலில் நம் விசைப்படகுகள் பெருகின. 2009-இல் போர் முடிந்து, அழிந்த படகையும் வலையையும் கடன் வாங்கித் திரும்பச் சேர்த்து அவர்கள் கடலில் இறங்கியபோது, எதிரே நின்றவை தமிழ்நாட்டு விசைப்படகுகள்.

மோதலின் அளவை எண்களே சொல்லும். 2024 ஏப்ரலில் வெளியுறவு அமைச்சர் எஸ். ஜெய்சங்கர் தந்த கணக்கின்படி, இருபது ஆண்டுகளில் 6,184 இந்திய மீனவர்களை இலங்கை பிடித்தது. 1,175 படகுகளைப் பறிமுதல் செய்தது. 2017 ஜூலையில் இலங்கை நாடாளுமன்றம் இழுவை மடிக்குத் தடை விதித்தது. அந்த மசோதாவுக்கு வழிவகுத்தவர் யாழ்ப்பாணத்தின் தமிழ் உறுப்பினர் எம்.ஏ. சுமந்திரன் என்பதை நாம் மறக்கக் கூடாது. 2018 ஜனவரியில் வெளிநாட்டுப் படகுகளுக்கான அபராதம் அளவுக்கேற்ப 60 லட்சம் முதல் 17.5 கோடி இலங்கை ரூபாய் வரை உயர்ந்தது. முன்பெல்லாம் சில வாரங்களில் மீனவர்கள் வீடு திரும்பினார்கள். இப்போது இரண்டாம் முறை பிடிபட்டால் சிறைத்தண்டனை, படகு அரசுடைமை.

சிறையோடு முடியாத நாள்களும் உண்டு. 2021 ஜனவரி 18-இல் கோட்டைப்பட்டினத்திலிருந்து போன ஒரு படகு திரும்பவில்லை. நான்கு பேரும் இறந்தார்கள். பிடிக்கப் போனபோது மோதி மூழ்கியது என்றது இலங்கைக் கடற்படை. கொலை என்றார்கள் மீனவர்கள். இறந்தவர்களில் ஒருவர் மண்டபம் முகாமில் இருந்த இலங்கை அகதி. போருக்குத் தப்பி இக்கரை வந்தவர் அக்கரைக் கடலிலேயே உயிரை விட்டார். அதே ஆண்டு அக்டோபரில் கோட்டைப்பட்டினத்து மீனவர் இன்னொருவரும் கடற்படைக் கப்பல் மோதியதில் இறந்தார். 2024 ஜூனில் இந்திய விசைப்படகைப் பிடிக்கும் முயற்சியில் இலங்கைக் கடற்படை வீரர் ஒருவர் இறந்தார்.

அறிஞர்கள் என்ன சொல்கிறார்கள்? சென்னைப் பல்கலைக்கழகத்தில் தெற்காசிய ஆய்வை வளர்த்த பேராசிரியர் வி. சூரியநாராயணன் பல ஆண்டுகள் இதையே எழுதினார். கச்சத்தீவை நிரந்தரக் குத்தகைக்குக் கேட்கலாம். உரிமம் பெற்ற இந்தியப் படகுகளை இலங்கைக் கடலில் குறிப்பிட்ட தூரம் வரை அனுமதிக்கலாம். பாக் விரிகுடாவை இரு நாடும் சேர்ந்து பேணும் பொதுச் சொத்தாகப் பார்க்க வேண்டும் என்பது அவர் கருத்து. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் அகிலன் கதிர்காமரின் பார்வை அக்கரையிலிருந்து வருவது. போரில் எல்லாம் இழந்த வடக்கு மீனவரின் வாழ்வாதாரத்தை இழுவை மடி அழிக்கிறது, அதை நிறுத்துவதே முதல் வேலை என்கிறார். கடல் சட்டம் அறிந்தவர்கள் ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையின் 123-ஆவது பிரிவைக் காட்டுகிறார்கள். பாதி மூடிய கடலைச் சுற்றியுள்ள நாடுகள் மீன்வளத்தைக் காப்பதில் ஒத்துழைக்க வேண்டும் என்கிறது அது. இலங்கை 1994-இலும் இந்தியா 1995-இலும் ஏற்ற உடன்படிக்கை.

கச்சத்தீவை மீட்டால் எல்லாம் சரியாகும் என்று நம் அரசியல் மேடைகள் சொல்கின்றன. 2008-இல் ஜெயலலிதா உச்ச நீதிமன்றம் போனார். 2013-இல் கருணாநிதி போனார். 2025 ஏப்ரல் 2-இல் சட்டமன்றம் மீண்டும் தீர்மானம் போட்டது. 2025 செப்டம்பர் 1-இல் இலங்கை அதிபர் அநுர குமார திசாநாயக்க தீவுக்கே போய் நின்று, விட்டுக்கொடுக்க மாட்டோம் என்று காட்டினார். தீவின் மேல் நமக்குள்ள உணர்வை நான் குறைத்துச் சொல்லவில்லை. அந்தோணியார் கோயில் திருவிழாவுக்கு இரு கரை மக்களும் கூடுகிற தீவு அது. ஆனால் கைதுகளில் பல, தீவைத் தாண்டி நெடுந்தீவுப் பக்கத்துக் கடலில் நடக்கின்றன. தீவு நாளையே நம் கைக்கு வந்தாலும் நெடுந்தீவுக்காரரின் வலை அறுபடுவது நிற்காது. கட்டுமாவடிக்காரரின் வலை அறுபடுவதும் நிற்காது.

மாற்றுத்தொழில் திட்டமும் வந்தது. 2017 ஜூலையில் ராமேசுவரத்தில் பிரதமர் மோடி தொடங்கிவைத்த ஆழ்கடல் திட்டத்தில், மூன்று ஆண்டில் 2,000 இழுவைப் படகுகளைச் சூரை பிடிக்கும் ஆழ்கடல் படகுகளாக மாற்றுவது இலக்கு. ஒரு படகுக்கு 80 லட்சம் ரூபாய். மத்திய அரசு பாதி, மாநில அரசு 20 விழுக்காடு, மீதியில் மீனவரின் கைக்காசும் வங்கிக் கடனும். இலக்கின் சிறு பகுதியைக்கூட அது தொடவில்லை. இரவு போய்க் காலையில் திரும்பிப் பழகியவரை வாரக்கணக்கில் கடலில் தங்கச் சொன்னார்கள். பெரிய படகைக் கட்டி நிறுத்த ஆழமில்லாத கரை இது. 16 லட்சம் கடனுக்கு வங்கி ஈடு கேட்டது. திட்டம் போட்டவர்கள் இந்தக் கரைக்கு வந்து ஒரு வாரம் தங்கியிருந்தால் இவை முன்கூட்டியே தெரிந்திருக்கும்.

பேச்சுவார்த்தையும் நடக்காமல் இல்லை. 2016 நவம்பரில் இரு நாட்டு அமைச்சர்கள் டெல்லியில் கூடி, மீன்பிடிப்புக்கான கூட்டுப் பணிக்குழுவை அமைத்தார்கள். அதன் ஆறாவது கூட்டம் 2024 அக்டோபரில் கொழும்பில் நடந்தது. அதற்கும் முன்பு 2010 ஆகஸ்டில் இரு கரை மீனவர் பிரதிநிதிகளே சென்னையில் நேரில் கூடி, ஓராண்டில் இழுவையை நிறுத்துவது என்று பேசி முடித்தார்கள். அரசுகள் அதற்குத் தோள் கொடுக்காததால் அது காற்றோடு போயிற்று. 2010-இல் பேச்சு முடிந்த உடனேயே மாற்றுத்தொழிலுக்குப் பணம் வந்திருந்தால் 2021-இல் நான்கு உயிர் போயிருக்காது என்றே நான் நினைக்கிறேன்.

இரு நாட்டுக் கூட்டங்களில் தமிழ்நாட்டு மீனவர் என்றாலே விசைப்படகு என்று ஆகிவிட்டது. கைதாகிறவர்களில் அவர்களே மிகுதி என்பதால் அது இயல்புதான். ஆனால் நாட்டுப்படகு மீனவர் இந்தக் கரையில் பெருந்தொகை. அவர் நலனும் யாழ்ப்பாண மீனவர் நலனும் ஒரே பக்கம் இருக்கின்றன. விசைப்படகுக்காரரோடு நாளைப் பிரித்துக்கொண்டு வாழ்ந்த அனுபவமும் அவரிடம் இருக்கிறது. டெல்லியிலும் கொழும்பிலும் யாரிடமும் இல்லாத அனுபவம் அது.

ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் நம் விசைப்படகுகள் கரையில் நிற்கின்றன. நாட்டுப்படகுக்குத் தடை இல்லை. அந்த 61 நாளும் கட்டுமாவடியில் வலை போடுகிறவரும் நெடுந்தீவில் வலை போடுகிறவரும் இழுவை மடி பற்றிய பயம் இல்லாமல் தூங்கப் போகிறார்கள். அடுத்த கூட்டுப் பணிக்குழுக் கூட்டத்துக்குப் பெயர்ப்பட்டியல் அனுப்பும்போது, கோட்டைப்பட்டினத்து விசைப்படகுச் சங்கத்தோடு கட்டுமாவடி நண்டு வலைக்காரர் ஒருவரையும் தமிழ்நாடு அரசு சேர்த்து அனுப்ப வேண்டும். எதிரே நெடுந்தீவிலிருந்து ஒருவர் வந்து உட்கார வேண்டும். இருவரும் தமிழிலேயே பேசிக்கொள்ளலாம், மொழிபெயர்ப்பாளர்கூடத் தேவைப்படாது.