ரத்தம் வராத தலைக்காயம்: 'ஸ்கேன் நார்மல்' என்றாலும் ஓய்வு தேவை

"ரத்தம் வரவில்லை, மயக்கமும் இல்லை. ஒரு டீ குடித்தால் சரியாகிவிடும்." தலையில் அடிபட்டவரைச் சுற்றி நிற்பவர்கள் வழக்கமாகச் சொல்வது இது. சித்தூர் மாம்பழக்கூழ் தொழிற்சாலையில் வழுக்கி விழுந்தவரானாலும், திருப்பதியில் கட்டிடச் சாரத்திலிருந்து தவறியவரானாலும், மறுநாளே வேலைக்குப் போய்விடுகிறார்கள். இரண்டு நாள் கழித்துத் தலைவலி, தலைசுற்றல், எதற்கெடுத்தாலும் எரிச்சல். ஆபீசில் கணக்கு எழுதுபவருக்குக் கூட்டல் தப்புகிறது. ஏன் என்று வீட்டாருக்கும் புரிவதில்லை.

டாக்டர்கள் இதைக் 'கன்கஷன்' என்கிறார்கள். தமிழில் மூளை அதிர்ச்சி எனலாம்.

உள்ளே நடப்பது என்ன?

மண்டை ஓட்டுக்குள் மூளை ஒரு திரவத்தில் மிதக்கிறது. தலையில் அடி விழுந்தாலோ, மோதிய வேகத்தில் தலை முன்னும் பின்னும் ஆடினாலோ மூளை குலுங்குகிறது. நரம்பு செல்களின் வேலை சில நாட்கள் தடுமாறுகிறது. இந்தத் தடுமாற்றம் சி.டி. ஸ்கேனில் தெரியாது. எலும்பு முறிவோ ரத்தக்கசிவோ உண்டா என்று பார்க்கவே அந்த ஸ்கேன். எனவே 'நார்மல்' என்றால் அவை தென்படவில்லை என்றுதான் பொருள். மூளை அதிரவே இல்லை என்று பொருளல்ல. நினைவு தப்பினால்தான் மூளை அதிர்ச்சி என்பதும் தவறு. பெரும்பாலோருக்கு நினைவு தப்புவதே இல்லை.

2020 டிசம்பர் 4-ந் தேதி கான்பெராவில் நடந்த 20 ஓவர் போட்டியில், ஆஸ்திரேலியாவின் ஸ்டார்க் வீசிய பந்து ரவீந்திர ஜடேஜாவின் ஹெல்மெட்டில் பட்டது. அவர் தொடர்ந்து ஆடி இன்னிங்சை முடித்தார். இடைவேளையில் பரிசோதித்த டாக்டர்கள் அவரை மீண்டும் களமிறங்க விடவில்லை. அவருக்குப் பதிலாக வந்த சாஹல் 3 விக்கெட் எடுத்தார். நின்று விளையாடியவருக்கும் மூளை அதிர்ச்சி இருக்கலாம் என்பதற்கு இது உதாரணம்.

நர்சுகளின் கணக்கு

அவசரப் பிரிவில் நர்சுகள் திரும்பத் திரும்ப வந்து பெயர் கேட்பதும், கையைத் தூக்கச் சொல்வதும், கண்ணில் டார்ச் அடிப்பதும் வீண் தொந்தரவல்ல. 1974-ல் கிளாஸ்கோ நகரின் இரண்டு டாக்டர்கள் வகுத்த முறைப்படி, கண் திறப்பதற்கு 4, பேச்சுக்கு 5, அசைவுக்கு 6 என மொத்தம் 15 மார்க். ஒரு மணி நேரத்துக்கு முன் 15 வாங்கியவர் இப்போது 13 வாங்கினால், உள்ளே ரத்தம் கசிகிறதோ என்று சந்தேகிப்பார்கள். முதலில் நன்றாகப் பேசியவர் சில மணி நேரம் கழித்துச் சுருண்டு விழுவதும் உண்டு.

ஆகவே முதல் 24 மணி நேரம் அடிபட்டவரைத் தனியே விடக்கூடாது. தனி அறையில் தங்கியிருக்கும் தொழிலாளர்கள் இதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும். திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, வலிப்பு, குழறும் பேச்சு, கை கால் பலவீனம், காதிலோ மூக்கிலோ தண்ணீர் போல வடிதல், எழுப்பினாலும் எழாத தூக்கம் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் 108-ஐ அழைக்க வேண்டும். குடித்திருப்பவர் தலையில் அடிபட்டு உளறினால் 'போதை' என்று படுக்க வைத்துவிடுவது பெரிய ஆபத்து.

ஆஸ்பத்திரியில் பாஷை தெரியாமல் திகைக்க வேண்டியதில்லை. தலை சுற்றுவதைத் தெலுங்கில் 'தல திருகுதோந்தி' என்றும், நினைவு தப்பியதை 'ஸ்ப்ருஹ தப்பிந்தி' என்றும் சொல்லலாம். வாந்தி அங்கும் வாந்திதான்.

இருட்டறை வேண்டாம்

அறிகுறிகள் தீரும்வரை இருட்டறையில் படுத்தே கிடக்க வேண்டும் என்று முன்பு சொல்லப்பட்டது. அந்தக் கருத்து இப்போது மாறிவிட்டது. ஒன்றிரண்டு நாள் ஓய்வு போதும். அதன்பின் தொந்தரவு அதிகமாகாத அளவுக்கு மெல்ல நடக்கலாம், சிறு வேலைகள் செய்யலாம். முதல் இரண்டு நாள் செல்போனைக் குறைக்க வேண்டும். தூங்கக்கூடாது என்பதில்லை, டாக்டர் பார்த்து ஆபத்தில்லை என்று சொன்னபின் தூக்கம் நல்லதே. மது கூடாது. தூக்க மாத்திரையோ வலி மாத்திரையோ டாக்டரைக் கேட்காமல் போடக்கூடாது.

பெரியவர்களில் பலர் இரண்டு வாரத்தில் தேறிவிடுகிறார்கள். குழந்தைகளுக்கு ஒரு மாதம்கூட ஆகலாம். அதற்குள் இன்னொரு அடி பட்டால் நிலைமை மோசமாகும். எனவே டாக்டர் சொல்லும்வரை சாரம், ஏணி, மெஷின், பைக் எல்லாவற்றையும் தவிர்க்க வேண்டும்.

கூலி போனால்?

கிரிக்கெட் வீரருக்கு மாற்று ஆள் உண்டு. தினக்கூலிக்காரருக்கு வேலைக்குப் போகாத நாளெல்லாம் நஷ்டம். தலைவலியை மறைத்துக்கொண்டு மீண்டும் சாரத்தில் ஏறுவது இதனால்தான். இ.எஸ்.ஐ. அட்டை உள்ளவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. வேலையில் ஏற்பட்ட காயத்துக்கு, டாக்டர் சர்டிபிகேட்டின் பேரில் ஓய்வு நாட்களுக்கு சராசரிக் கூலியில் 90 சதவீதம் கிடைக்கும். அதற்கு விபத்தை அன்றே முதலாளியிடம் சொல்லிப் பதிவு செய்ய வேண்டும். 'ரத்தம் வரவில்லையே' என்று பதியாமல் விட்டவர், பிறகு அந்தக் காயத்தை நிரூபிக்கச் சிரமப்படுவார்.

அட்டை இல்லாதவர்களுக்கு மேஸ்திரியின் மனசுதான் துணை. ஒரு வாரம் தரையில் நின்று செய்யும் வேலையைக் கொடுத்தாலே போதும். ஒரு குடும்பம் பிழைக்கும்.