மூக்கின் அளவும் ஜில்லாவின் எல்லையும்

ஒரு சமூகத்தார் எங்கிருந்து வந்தனர் என்பது ஆராய்ச்சியாளரின் கேள்வி. அவர்கள் இன்று எவ்விதம் வாழ்கின்றனர் என்பது தேசத்தின் கேள்வி. முன்னதற்குக் கிடைக்கும் விடையைக் கொண்டு பின்னதைத் தீர்க்க முயன்றதனால் விளைந்த அநீதிகள் உலகில் பல. நமது கொல்லிமலையைச் சேர்ந்த மக்களின் வரலாறே அதற்குச் சான்று.

வல்வில் ஓரியின் மலை எனச் சங்கப் புலவர் போற்றிய கொல்லிமலை இன்று நாமக்கல் ஜில்லாவில் இருக்கிறது. அங்கு வாழ்வோரிற் பெரும்பாலோர் மலையாளிகள். மலையில் வாழ்பவர் என்பதே இங்குப் பொருள். கேரள நாட்டுக்கும் இப்பெயருக்கும் சம்பந்தமில்லை. அவர்கள் பேசுவது தமிழ். தம் முன்னோர் காஞ்சீபுரத்திலிருந்து வந்த வேளாளர் என்றும், பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்ற சகோதரர் மூவர் வெவ்வேறு மலைகளிற் குடியேறினர் என்றும் அவர்களிடையே கர்ண பரம்பரைக் கதை உண்டு. மலைக்கு மலை அக்கதை சற்று மாறுபடும். ஆயினும் கொல்லிமலை, பச்சைமலை, சேர்வராயன், கல்வராயன் முதலிய மலைகளில் வாழ்வோர் தம்மை ஒரே குடியினராகக் கருதினர் என்பதை அது காட்டுகிறது.

ஆங்கில ஆட்சியில் இம்மக்களை ஆராய்ந்தோர் கையில் அளவுகோல் இருந்தது. 1885 முதல் 1908 வரை சென்னை மியூசியத்தின் தலைவராயிருந்த எட்கார் தர்ஸ்டன், தென்னாட்டு ஜாதியாரின் தலையையும் மூக்கையும் அளந்து குறித்தார். கே. ரங்காச்சாரியின் துணையுடன் அவர் தொகுத்த ஏழு தொகுதிகள் 1909-இல் வெளிவந்தன. 1901-ஆம் வருஷத்து ஜனக்கணக்கை நடத்திய ரிஸ்லி என்பவரோ, மூக்கு அகல அகல மனிதரின் அந்தஸ்து குறையும் என்றே விதி வகுத்தார். அந்தஸ்தை மனிதர் ஏற்படுத்தினர்; பழியை மூக்கு சுமந்தது!

இந்த விஞ்ஞானத்தின் அஸ்திவாரம் விரைவிலேயே ஆட்டங் கண்டது. அமெரிக்காவிற் குடியேறியவர்களும் அவர்களுடைய குழந்தைகளுமாகச் சுமார் 18,000 பேரைப் பிரான்ஸ் போவாஸ் என்ற அறிஞர் ஆராய்ந்தார். குடியேறிய நாட்டிற் பிறந்த குழந்தைகளின் தலையமைப்புப் பெற்றோருடையதினின்றும் மாறுபடுவதை 1911-இல் எடுத்துக் காட்டினார். ஆயினும் அநீதி நின்றதா? அமெரிக்கச் சேனையிற் பணிபுரிந்த பஞ்சாபியரான பகத் சிங் திண்டுக்கு அந்நாட்டுப் பிரஜா உரிமை இல்லையென 1923-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இன நூலார் அவரை எவ்வகையிற் சேர்த்தாலும், பொது வழக்கில் அவர் வெள்ளையரல்லர் என்றது. இன நூல் தன் முடிவுக்கு ஒத்துவரும்போது அதைக் கைக்கொள்வதும், ஒத்துவராதபோது கைவிடுவதுமே ஆதிக்கத்தின் இயல்பு.

சுதந்திர பாரதத்தின் அரசியல் சாசனம் இவ்வளவுகோலை ஏற்கவில்லை. 342-ஆம் பிரிவின்படி பழங்குடிகளுக்குப் பட்டியல் வகுத்து, சலுகையும் காவலும் அளித்தது. ஆனால், மூக்கின் அளவு போன இடத்தில் ஜில்லாவின் எல்லை வந்து அமர்ந்துகொண்டது! மாநிலத்துக்குள் பட்டியலுக்கிருந்த வட்டார வரம்புகளைப் பெரும்பாலும் நீக்குவதற்கே 1976-ஆம் வருஷத்துத் திருத்தச் சட்டம் வந்தது. அதிலேயே மலையாளிகளுக்குத் தர்மபுரி, வட ஆற்காடு, புதுக்கோட்டை, சேலம், தென் ஆற்காடு, திருச்சிராப்பள்ளி என்ற ஆறு ஜில்லாக்கள் குறிக்கப்பட்டன. கொல்லிமலை அப்போது சேலம் ஜில்லாவைச் சேர்ந்திருந்ததால் இடம் பெற்றது. பர்கூர், கடம்பூர் மலைகள் கோயமுத்தூர் ஜில்லாவில் இருந்தமையால் விடுபட்டன. அவை 1979-இல் ஈரோடு ஜில்லாவிற் சேர்ந்த பின்னும் அங்குள்ள மலையாளிகளின் குறை தீரவில்லை.

இது வெறும் சான்றிதழ்த் தகராறு என எண்ணற்க. 2006-ஆம் வருஷத்து வன உரிமைச் சட்டப்படி, பட்டியலிலுள்ள பழங்குடியினர் 2005 டிசம்பர் 13-ஆம் தேதிக்கு முன்னிருந்தே காட்டை நம்பி அங்கு வசிப்பதைக் காட்டினாற் போதும். பட்டியலில் இல்லாதவரோ மூன்று தலைமுறை, அதாவது 75 வருஷம், அங்கு வாழ்ந்ததை நிரூபித்தாக வேண்டும். காகிதமே எட்டிப்பாராத காட்டில் முக்கால் நூற்றாண்டுக்கு ஆதாரம் தேடி எங்கே போவது?

காஞ்சியிலிருந்து வந்தவர் எங்ஙனம் பழங்குடியாவர் என்று சிலர் கேட்பர். வந்த கதையா வயிற்றை நிரப்பும்? 2011-ஆம் வருஷத்து ஜனக்கணக்குப்படி தமிழகத்தில் எழுத்தறிந்தோர் நூற்றுக்கு 80. பழங்குடியினரிலோ நூற்றுக்கு 54 பேரே. 1965-இல் லோகூர் கமிட்டி பழங்குடிக்கு வகுத்த அடையாளங்களில், வெளியாருடன் பழகக் கூசுதலும் ஒன்று. மலையிலிருந்து இறங்கிப் பட்டணத்துக் கல்லூரியிற் கூச்சமின்றிப் பேசும் இளைஞன், அதனால் தன் குடியை இழந்துவிடுவானா?

பட்டியல் விரிந்தால் தம் பங்கு குறையுமென மற்றச் சிறு பழங்குடியினர் அஞ்சுவது நியாயமே. தமிழகத்தில் அவர்கள் அனைவருக்கும் சேர்த்து ஒதுக்கப்பட்டது நூற்றுக்கு ஒரு பங்கு. மலையாளிகளோ தொகையில் மிகப் பெரியவர். ஆதலின் ஆளைக் கூட்டும்போது பங்கையும் கூட்டுதல் வேண்டும். உள்ள சோற்றுக்கு ஏழைகளைச் சண்டையிட விடுவது ராஜநீதியாகாது.

ஆராய்ச்சி வேண்டாம் என நாம் கூறவில்லை. எவரிடம் பட்டா இருக்கிறது, பள்ளிக்கூடம் எத்தனை மைல், குழந்தை எந்த வகுப்போடு படிப்பை நிறுத்துகிறது, பிரசவ வேதனையில் துடிக்கும் தாய் ஆஸ்பத்திரி சேர எத்தனை நாழிகையாகிறது என்பவற்றை மலைதோறும் கணக்கெடுங்கள். அவ்வளவைக் கொண்டு உரிமையை நிர்ணயிக்கட்டும். மலையாளிகளின் பெயருக்குப் பக்கத்திலுள்ள ஜில்லா வரம்பைப் பார்லிமெண்டு அகற்றட்டும். ஒரு குடியைக் கோடு கிழித்து இரண்டாக்கிய சட்டத்தைத் திருத்தும் வரை, மலைநாட்டாரின் கோரிக்கையைத் தேசத்தின் கோரிக்கையாக முழங்குவது தேசத்தொண்டர் ஒவ்வொருவரின் கடமையாகும்.