பட்டன் இருக்கிறது, டயரின் வயது என்ன?

அதிகம் ஓடாத கார்களின் டயரைப் பாருங்கள். கோயில், மருத்துவமனை, எப்போதாவது ஒரு கல்யாணம் என்று போய்வரும் வண்டிகள். தரையைப் பிடிக்கும் பட்டன் புதிதுபோலவே இருக்கும். "இன்னும் நல்லாத்தானே இருக்கு" என்று, அதே டயரோடு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் நூறில் போகிறார்கள். மொட்டை டயரைவிட எனக்கு அதிகக் கவலை தருவது இதுதான். மொட்டை டயரைக் கண்டால் யாராவது எச்சரிப்பார்கள். இதைப் பற்றி எச்சரிக்க ஆளில்லை.

வண்டி நின்றாலும் ரப்பருக்கு வயதாகும். வெயிலும் காற்றிலுள்ள ஆக்சிஜனும் ஓசோனும் அதை இறுகச் செய்கின்றன. உள்ளே எஃகுக் கம்பி அடுக்கோடு ரப்பருக்குள்ள பிடிப்பு தளர்கிறது. காற்று குறைந்து, சுமை கூடி, மே மாத வெயிலில் வேகமாக ஓடும்போது டயர் சூடேறிப் பட்டன் அடுக்கே உரிந்துவிடலாம்.

வயதை டயரே சொல்லும். பக்கவாட்டில் 'டி.ஓ.டி.' (DOT) வரிசையின் கடைசி நான்கு இலக்கங்களைத் தேடுங்கள். 2319 என்றால் 2019-இன் 23-வது வாரத் தயாரிப்பு. வெளிப்பக்கம் இல்லையென்றால் உள்பக்கம் இருக்கும். பல கார் நிறுவனங்கள் 6 ஆண்டில் மாற்றச் சொல்கின்றன. சில டயர் நிறுவனங்கள் 5 ஆண்டுக்குப்பின் ஆண்டுதோறும் சோதிக்கச் சொல்லி, 10 ஆண்டைக் கடைசி எல்லையாக வைக்கின்றன. நம் வெயிலுக்கு 6 ஆண்டே சரி என்பேன். ஸ்டெப்னிக்கும் இதே கணக்குதான். பக்கவாட்டில் மயிரிழை வெடிப்புகள் பரவியிருந்தால் ஆண்டுக் கணக்கே வேண்டாம், மாற்றிவிடுங்கள். புடைப்பு தெரிந்தால் அன்றே மாற்றுங்கள். பட்டன் ஆழம் காருக்கு 1.6 மி.மீ.க்குக் குறையக் கூடாது. பள்ளத்துக்குள் இருக்கும் சிறு மேடுகளுக்குச் சமமாகப் பட்டன் தேய்ந்தால் அந்த எல்லை வந்துவிட்டது.

புது டயர் வாங்கும்போது, மாட்டுவதற்கு முன்பே அந்தத் தயாரிப்பு வார எண்ணைக் காட்டச் சொல்லுங்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரையைப் பாருங்கள். டயரின் வரிசை எண்ணோடு பில் கேளுங்கள். வாரன்டிக்கு அதுதான் ஆதாரம். பழைய சரக்கைப் புதிது என்று தலையில் கட்டிவிட்டால், பில், எண்ணின் புகைப்படம் இரண்டையும் வைத்து முதலில் கடைக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். மசியவில்லையா? தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2 ஆண்டுக்குள் போக வேண்டும்; கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை.

காப்பீட்டை நம்பி இருந்துவிடாதீர்கள். வழக்கமான கார் பாலிசியில் டயர் மட்டும் வெடித்தால் பணம் வராது. அதே விபத்தில் வண்டியும் சேதமானால்தான் டயர் விலையில் பாதி கிடைக்கும்.