மருத்துவக் கலைச்சொல்லின் அசையும் வேரும்

காது, மூக்கு, தொண்டை மருத்துவத்தைக் குறிக்கும் 'ஓட்டோரைனோலாரிங்காலஜி' என்னும் சொல், காது, மூக்கு, குரல்வளை, இயல் என்னும் பொருளுடைய நான்கு கிரேக்க உறுப்புகளால் ஆனது. இத்தகைய நெடுஞ்சொற்களைத் தமிழில் எழுதுகையில் எழும் சிக்கல்கள் இங்கு ஆராயப்படுகின்றன.

1. அசை

ஓட்-டோ-ரை-னோ-லா-ரிங்-கா-ல-ஜி என ஒன்பது ஒலியசைகள் இதில் உள்ளன. ஆங்கில ஒலிப்பில் முதன்மை அழுத்தம் 'கா' என்னும் அசைமீது விழும். யாப்பில் கொள்ளும் அசை இதனின் வேறானது. இறுதியிலுள்ள 'லஜி' நிரையசையாதலின் அங்கு ஒன்றாகவே எண்ணப்படும். அசைப்பிரிவும் வேர்ப்பிரிவும் ஒத்து வருவதில்லை. 'கா' என்பதன் மெய் குரல்வளையைக் குறிக்கும் வேருக்கு உரியது. உயிரோ வேர்களை இணைக்கும் ஓகாரத்தின் ஆங்கில ஒலிப்பு.

2. ஒலிபெயர்ப்பு

கொல்கத்தாவின் தென்பகுதியிலுள்ள டாக்குரியாவின் பெயர் இதற்கு நல்ல சான்று. வங்க மொழியில் அதன் முதலொலி ஒலிப்புடைய மூச்சொலியாகிய நாமடியொலி. தமிழெழுத்தில் மூச்சு மறைகிறது. மரபின்படி மொழிமுதலில் வாராத டகரம் முதலில் நிற்கிறது. இடையிலுள்ள ககரம் நெகிழ்ந்து ஒலிக்காதிருக்க இரட்டிக்கிறது. 'ஓட்டோ' என்பதில் டகரம் இரட்டித்ததும் இதே காரணத்தால்தான்.

ஒலிபெயர்ப்பு கிரேக்க ஒலியைத் தருவதன்று. ஆங்கிலம் வழங்கும் ஒலியையே தருவது. மூக்கைக் குறிக்கும் வேர் கிரேக்கத்தில் 'ரீன்'. ஆங்கிலத்தின் வழியே அது 'ரைன்' ஆயிற்று. மேலும், 'லாரிங்காலஜி', 'லாரின்ஜைட்டிஸ்' ஆகிய இரண்டிற்கும் வேர் ஒன்றே. ஆங்கிலத்தில் இகரத்தின் முன் ககர ஒலி ஜகரமாகத் திரிவதால், தமிழில் அவை வெவ்வேறு வேர்களாகத் தோன்றுகின்றன.

3. மொழிபெயர்ப்பு

வேரை வெளிப்படுத்துவது மொழிபெயர்ப்பே. குரல்வளையியல், குரல்வளை அழற்சி என்னும்போது உறவு தெளிவாகிறது. ஆயினும் வழக்குத் தொடர்கள் முழுத்துல்லியம் உடையன அல்ல. தமிழில் 'காது, மூக்கு, தொண்டை' என்பது வங்க மொழியில் 'மூக்கு, காது, தொண்டை' என்னும் வரிசையில் 'நாக் கான் கலா' எனப்படும். இரண்டிலும் குரல்வளை என்னும் கூறு தொண்டையுள் அடங்கிவிடுகிறது.

துறைப்பெயரில் இது தீங்கன்று, நோய்ப்பெயரில் தீங்காகும். வங்க மொழி குரல்வளையை 'ஸ்வரயந்த்ர' என்றும், அதற்கு மேலுள்ள தொண்டைப் பகுதியை 'கலபில' என்றும் பிரித்து வழங்குகிறது. டாக்குரியாவில் எழுதப்பட்ட மருத்துவக் குறிப்பொன்றைத் தமிழாக்குவோர் இரண்டன் அழற்சியையும் 'தொண்டை அழற்சி' என்றால், குரல் கம்முதலுக்குக் காரணமான நோயும் விழுங்குகையில் வலி தரும் நோயும் ஒன்றாகிவிடும்.

எனவே, பொதுமக்களுக்கான துறைப்பெயரில் வழக்குத் தொடரையும், நோய்ப்பெயர்களில் வேர்தோறும் ஒரே நிலையான தமிழ்ச்சொல்லையும் ஆளுதல் பொருந்தும்.