குறைந்த செலவில் கனிந்த நாதம்



சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் ஜுரு வட்டாரத்தில் நடந்த ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். தோட்டக் கோயில் திருவிழாவுக்காக இளைஞர்கள் ஐந்து பேர் சேர்ந்து ஓர் இசைக்குழு தொடங்கினார்கள். அவர்களுள் பேஸ் கித்தார் வாசித்தவன் என்னிடம் படித்த மாணவன். அவன் தாயார் செம்பனைக் காட்டில் உதிரிப் பழம் பொறுக்குபவர். கூட்டுப் பணம் கைக்கு வந்த மாதம், மகன் ஆசைப்பட்டானே என்று ஒலிபெருக்கி வாங்க எடுத்துக் கொடுத்துவிட்டார். அவனும் 'நூறு வாட்' என்று எழுதியிருந்த பழைய பெட்டி ஒன்றை வாங்கி வந்தான். அது சாதாரணக் கித்தாருக்காகச் செய்த பெட்டி. திருவிழாவன்று இரண்டாவது பாட்டிலேயே ஸ்பீக்கர் கிழிந்து, தகரத்தைத் தட்டியது போல் அலறியது.

மறுநாள் அந்தத் தாயார் என்னிடம் கேட்டார்: "வாத்தியாரையா, நூறு வாட்டுன்னு எழுதியிருந்துச்சே, அது பொய்யா?"

பொய் அல்ல. ஆனால் அந்த எண் சொல்லாமல் விடும் செய்திகளே அதிகம். உங்கள் வீட்டுப் பிள்ளையும் நாளை இதே ஆசையோடு வந்து நிற்கலாம். ஆகவே, பேஸ் கித்தாருக்குக் கையிலுள்ள பணத்தில் நல்ல ஒலிபெருக்கியைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்பதை இன்று பார்ப்போம்.

மிருதங்கத்தின் இடப்பக்கத்தைத் தொப்பி என்பார்கள். கச்சேரிக்கு முன் அதன் நடுவில் ரவைப் பசை அப்புவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கனம் இருந்தால்தான் 'தொம்' என்ற அடிநாதம் எழும். நம் உறுமி மேளத்திலும் உறுமும் பக்கந்தான் கேட்பவரைக் கட்டி இழுக்கிறது. இசைக்குழுவில் அந்த வேலையைச் செய்வது பேஸ் கித்தார். இளையராஜாவின் பாடல்களில் பாடகரின் குரலுக்குக் கீழே தனியாக ஒரு மெட்டு நடந்துகொண்டே இருக்குமே, அதுதான் பேஸ். நம் பினாங்கில் 1960-களின் இறுதியில் லோகநாதன், டேவிட் ஆறுமுகம் சகோதரர்கள் தொடங்கிய 'ஆலிகேட்ஸ்' குழுவின் மலாய்ப் பாடல்களிலும் அந்த அடிநாதத்தைக் கேட்கலாம்.

பேஸ் கித்தாரின் நான்கு தந்திகளில் மிகத் தடித்தது வினாடிக்கு ஏறக்குறைய 41 முறை அதிர்கிறது. மற்றவை 55, 73, 98 முறை. சாதாரணக் கித்தாரின் தடித்த தந்தியோ 82 முறை. அதிர்வு குறையக் குறைய ஒலியலை நீள்கிறது. 41 அதிர்வுள்ள ஓர் அலையின் நீளம் 8 மீட்டருக்கும் மேல். அவ்வளவு பெரிய அலையை எழுப்ப ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு மிகுந்த காற்றை முன்னும் பின்னும் தள்ள வேண்டும். சாதாரணக் கித்தாருக்கான கூம்பு அதற்காகச் செய்யப்பட்டதன்று. என் மாணவனின் ஸ்பீக்கர் கிழிந்ததற்குக் காரணம் இதுவே. கோயிலில் கட்டும் குழாய் ஸ்பீக்கரில் பேச்சு தெளிவாகக் கேட்டும் பேஸ் வராமல் போவதும் இதனால்தான்.

இசைக்காரர்கள் விரும்பிக் கேட்கும் கனிந்த நாதம் என்பது என்ன? காதைக் குத்தாமல், வயிற்றில் இடிக்காமல், உருண்டு திரண்டு வரும் ஒலி. பலர் நினைப்பது போல் அது மிக ஆழமான ஒலியில் இல்லை. 41 அதிர்வுள்ள தந்தியை மீட்டும்போது 82, 123, 164 என்று அதன் மடங்குகளும் கூடவே ஒலிக்கின்றன. அந்த மடங்குகள் சரியாகக் கேட்டால், அடியிலுள்ள 41 மெலிந்திருந்தாலும் நம் காது அதைத் தானே நிரப்பிக்கொள்ளும். கனிவு பெரும்பாலும் 80 முதல் 250 வரையிலான அதிர்வுகளில் இருக்கிறது. மிக ஆழமான ஒலிக்குப் பெரிய பெட்டியும் பெருஞ்செலவும் வேண்டும். கனிவுக்கு அவ்வளவு வேண்டியதில்லை. பணம் குறைவாக உள்ளவர் முதலில் அறிய வேண்டியது இதுதான்.

இனி வாட் கணக்கு. 50 வாட்டை 100 ஆக்கினால் சத்தம் இரு மடங்காகாது. 3 டெசிபெல் மட்டுமே கூடும். காதுக்கு இரு மடங்காகத் தோன்ற ஏறக்குறைய பத்து மடங்கு வாட் தேவை. அதே 3 டெசிபெல்லை, கொடுத்த மின்சாரத்தை நன்றாக ஒலியாக்கும் ஒரு ஸ்பீக்கரே தந்துவிடும். ஆகவே வாட்டுக்குக் கொடுக்கும் பணத்தைவிட, பேஸுக்கென்றே செய்த 12 அல்லது 15 அங்குல ஸ்பீக்கருக்கும் உறுதியான பெட்டிக்கும் கொடுக்கும் பணம் பயன் தரும்.

"வால்வு வைத்தது வாங்கினால்தான் கனிவு வரும்" என்று சிலர் சொல்வார்கள். அதிலும் உண்மை உண்டு. லியோ ஃபெண்டர் 1951-இல் மின்சார பேஸ் கித்தாரையும், 1952-இல் அதற்கென ஒரு வால்வு ஒலிபெருக்கியையும் அமெரிக்காவில் விற்பனைக்குக் கொண்டுவந்தார். வால்வு தன் எல்லையைத் தாண்டும்போது ஒலியலையின் முனையை மழுக்கி உருட்டுகிறது. டிரான்சிஸ்டரோ அதைக் கத்தியால் சீவினாற்போல் வெட்டிவிடுகிறது. ஆனால் வால்வுக் கருவி விலை அதிகம், கனம் அதிகம், தேய்ந்த வால்வை மாற்றும் செலவும் உண்டு. குறைந்த பணத்தில் வாங்குவோர்க்கு நல்ல டிரான்சிஸ்டர் கருவியே போதும். ஒரு நிபந்தனை: அதை எல்லைவரை முடுக்காதீர்கள். வீட்டுப் பயிற்சிக்கு 25 வாட் போதும். டிரம்ஸ் உள்ள குழுவுக்கு 100 வாட்டுக்குக் குறையாமல் இருந்தால், பாதிச் சத்தத்திலேயே வேலை முடியும்.

பழைய கருவி வாங்கப் போகிறீர்களா? பின்வருவனவற்றை மறவாதீர்கள்.

முதலாவது, சொந்த பேஸ் கித்தாரை எடுத்துச் செல்லுங்கள். எல்லாக் குமிழ்களையும் நடுவில் வைத்து, தடித்த தந்தியை மேடைக்கு வேண்டிய சத்தத்தில் மீட்டுங்கள். மெதுவாகக் கேட்டால் எல்லாப் பெட்டியும் நல்ல பெட்டிதான். கடகடவென்று பலகை ஆடுகிறதா, கூம்பு கரகரக்கிறதா என்று பாருங்கள்.

இரண்டாவது, மின்சாரத்தை அணைத்துவிட்டு, முன்வலையைக் கழற்ற முடிந்தால், கூம்பை இரு கைவிரல்களாலும் சமமாக மெல்ல அழுத்துங்கள். உரசும் சத்தம் கேட்டால் உள்ளே சுருள் கருகியிருக்கலாம்.

மூன்றாவது, அரைமணி நேரம் ஓடவிடுங்கள். சூடேறிய பின்பே சில கோளாறுகள் தலைகாட்டும். குமிழைத் திருப்பும்போது வரும் கரகரப்பு பெரும்பாலும் தூசிதான். அது சிறு செலவு. தீய்ந்த வாடை வந்தால் வாங்காதீர்கள்.

நான்காவது, பின்பக்க எழுத்தைப் படியுங்கள். நம் நாட்டு மின்சாரம் 230 முதல் 240 வோல்ட். ஜப்பானுக்கென்று செய்தது 100 வோல்ட், அமெரிக்காவுக்கென்று செய்தது 120 வோல்ட். அவற்றை நேராகச் செருகினால் கருகிவிடும். கூடுதல் ஸ்பீக்கர் இணைப்பதானால், அங்கே குறித்துள்ள ஓம் அளவுக்குக் கீழே போகக் கூடாது.

ஐந்தாவது, உயிர் சம்பந்தப்பட்டது. எர்த் கம்பி அறுந்த கருவியைத் தொடவே தொடாதீர்கள். மழை ஈரம் பட்ட மேடையில் தந்தியில் கை வைத்தபடி ஒலிவாங்கியில் வாய் வைப்பவன், எர்த் இல்லாவிட்டால் உயிரையே இழக்கலாம். வால்வுக் கருவியில் மின்சாரத்தை அணைத்த பின்னும் உள்ளே ஆளைக் கொல்லும் மின்னழுத்தம் தங்கியிருக்கும். வீட்டில் திறந்து பார்க்க வேண்டாம்.

காசில்லாமல் கனிவு சேர்க்கும் வழிகளும் உண்டு. கித்தாரிலுள்ள டோன் குமிழைச் சற்றுக் குறையுங்கள். கழுத்துக்கு அருகில் விரலால் மீட்டுங்கள். தட்டைக் கம்பி சுற்றிய தந்தி மாட்டினால் கீச்சொலி அடங்கும். பெட்டியைச் சுவரோரம் தரையில் வைத்தால் அடிநாதம் கூடும். மரப்பலகை மேடை கும்மென்று அதிர்ந்தால், பெட்டியை ஒரு நாற்காலிமேல் ஏற்றுங்கள், தெளிவு பிறக்கும். பெரிய திடலாயிருந்தால், பெட்டியை முடுக்காமல், அதிலிருந்து ஒரு கம்பியைத் திடலின் பெரிய ஒலிபெருக்கிக்குக் கொடுத்துவிடுங்கள்.

என் மாணவன் மறு ஆண்டு 15 அங்குல ஸ்பீக்கர் உள்ள பழைய பேஸ் பெட்டி ஒன்றை வாங்கினான். முதல் பெட்டியைவிட விலை குறைவு. வாங்கும்போது அவன் தாயாரும் கூடப் போயிருந்தார். கடைக்காரர் வாட் கணக்குச் சொல்லத் தொடங்கியதும், "அது இருக்கட்டும், அந்தத் தடிச்ச கம்பிய மீட்டிக் காட்டச் சொல்லுங்க" என்றாராம்.

பெற்றோர்களே, இசை தெரியாவிட்டாலும் உங்களுக்குக் காது உண்டு. பிள்ளை கருவி வாங்கப் போகும்போது கூடப் போங்கள். எழுதியிருப்பதைப் படிப்பதற்கு முன், வாசித்துக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். உங்கள் உழைப்பின் காசு அப்போதுதான் நல்ல நாதமாகத் திரும்பி வரும்.