முதலாளியின் முதற்கடமை

லாபம் கொழிக்கும் நாளில் கம்பெனித் தலைவரின் பெருமை பேசுவதற்கு ஆட்கள் பலர் உண்டு. அவருடைய யோக்கியதை வெளிப்படுவதோ, நஷ்டம் வாயிற்படியில் வந்து நிற்கும் நாளிலேயாகும். அந்நாளில் அவர் முதலில் எதன்மேல் கை வைக்கிறார்? தொழிலாளியின் கூலியின் மேலா? தம்முடைய ஆஸ்தியின் மேலா? இக்கேள்விக்கு 1924-ம் ஆண்டில் ஒருவர் அளித்த விடையை நேயர்களுக்கு நினைவூட்ட விரும்புகிறோம்.

நம் நாட்டாரின் முதலைக்கொண்டு 1907-ல் நிறுவப்பட்ட டாட்டா இரும்பு உருக்குக் கம்பெனி, முதல் மகாயுத்தத்துக்குப்பின் ஜாம்ஷெட்பூர் ஆலையைப் பெருக்கும் வேலையில் இறங்கிற்று. செலவு மதிப்பை மீறிற்று. அந்நிய உருக்கு மலிவாய் வந்து குவிந்தது. வார்ப்பிரும்பை வாங்கி வந்த ஜப்பானோ 1923-ம் ஆண்டுப் பூகம்பத்தால் நிலைகுலைந்தது. கடைசியில், கூலி கொடுக்கவும் பணமில்லை என்று பம்பாய்க்குத் தந்தி வந்தது. தலைவர் ஸர் தோராப்ஜி டாட்டா, ஏறக்குறைய ஒரு கோடி ரூபாய் பெறுமான தம் சொந்த ஆஸ்தியையும், தம் மனைவியார் மெஹர்பாய் அம்மையாரின் நகைகளையும் இம்பீரியல் பாங்கில் ஈடு வைத்துக் கடன் பெற்றார். 245 காரட் எடையுள்ள ஜுபிலி வைரமும் அந்நகைகளுள் ஒன்று என்பர்.

இவ்வாறு செய்யும்படி எந்தச் சட்டமும் அவரைக் கேட்கவில்லை. வரையறுத்த பொறுப்புள்ள கம்பெனி என்பதன் பொருளே, கம்பெனியின் கடன் பங்குதாரரின் வீட்டு வாயிலைத் தாண்டலாகாது என்பதுதான். பங்குப் பணம் போனாலும் வீடும் நிலமும் தப்பும். எந்த வக்கீலைக் கேட்டிருந்தாலும், கையொப்பமிட வேண்டாம் என்றே கூறியிருப்பார். நியாயஸ்தலத்தில் பழகிய நாமும் அவ்வாறே கூறியிருப்போம்.

இது வெறும் உணர்ச்சி வேகமன்றோ, வியாபாரமாகுமோ எனச் சிலர் வினவலாம். ஆகும் என்பதே நம் விடை. ஆலை பழுதுபடவில்லை, சுரங்கத்தில் தாது வற்றவில்லை, நாட்டில் உருக்கின் தேவையும் குறையவில்லை. குறைந்தவை ரொக்கமும் பிறர் நம்பிக்கையுமே. தீரக்கூடிய ஜுரத்துக்கும் தீராத வியாதிக்கும் உள்ள வேற்றுமையை அறிந்தே அவர் பணயம் வைத்தார். தம் வீட்டுப் பொருளை முதலில் வைத்தமையால், மற்றவரைப் பார்த்துப் பொறுத்திருங்கள் என்று கேட்க அவருக்கு வாயிருந்தது. அதே ஆண்டில் உருக்குத் தொழில் பாதுகாப்புச் சட்டமும் நிறைவேறி, அந்நிய உருக்கின்மேல் தீர்வை விழுந்தது. நாளடைவில் கம்பெனி நிமிர்ந்தது, ஈடும் மீண்டது.

இதனால் ஜாம்ஷெட்பூரில் யாவும் சுபமாயிற்று என்று நாம் கூறவில்லை. 1928-ல் ஆட்குறைப்பு முதலிய குறைகளால் நீண்ட வேலைநிறுத்தம் மூண்டு, ஸ்ரீ சுபாஷ் சந்திர போஸ் தலையிட நேர்ந்தது. ஒரு நாள் தியாகம் பல நாள் நியாயத்துக்கு ஈடாகாது. ஆயினும் அந்த ஒரு நாளேனும் எத்தனை பேரிடம் காணக் கிடைக்கிறது? 2020-ல் கொள்ளைநோய் பரவி ஊரடங்கு பிறந்தபோது, கூலியின்றி நெடுஞ்சாலை வழியே கால்நடையாய் ஊர் திரும்பிய தொழிலாளரை நாடே கண்டது. ஒரு மாதக் கூலி கொடுக்கச் சக்தியிருந்தும் கொடாதவர் அவர்தம் முதலாளிகளுள் ஒருவருமில்லை என்று யார் சொல்லத் துணிவர்?

நெருக்கடி வந்தால் தலைவர் செய்யத்தக்கவை மூன்று. நஷ்டத்தின் உண்மைக் கணக்கை ஒளியாது முன்வைத்தல் ஒன்று. தம் ஊதியத்தையும் லாபத்தையும் முதலில் விட்டுக்கொடுத்தல் இரண்டு. கூலியில் கை வைப்பதை, வேறு வழி யாவும் அடைபட்ட பின்னரே எண்ணுதல் மூன்று. நம் நேயர்களில் பங்குதாரரும் உளர். தொழிற்சங்க ஊழியரும் உளர். இனி ஆட்குறைப்புத் தீர்மானம் எங்கே பிரேரேபிக்கப்பட்டாலும், அவர்கள் எழுந்து ஒரே ஒரு கேள்வி கேட்கட்டும்: “தலைவர் இதுவரை எதை ஈடு வைத்தார்?”