பதிப்பு ஒன்று, கணினிகள் இரண்டு

இயங்குதளக் கையேடு ஒன்றைப் புதுப்பிப்பது என்றால், காலாவதியான பத்திகளை நீக்கிவிட்டு அவ்விடத்தில் புதியவற்றை எழுதிச் சேர்ப்பதே வேலை என்று தோன்றும். அது வேலையில் எளிய பாதி. ஒரே வெளியீட்டு எண்ணைத் தாங்கிய இரண்டு கணினிகள் வெவ்வேறாக நடந்துகொள்ளும்போது, கையேட்டின் அதே வாக்கியம் ஒன்றில் மெய்யாகவும் மற்றொன்றில் பொய்யாகவும் ஆகிவிடுகிறது. இதைச் சமாளிப்பதே கடினமான பாதி. சென்ற பகுதியில் அறிமுகமான டெபியன் இயங்குதளம் இதற்குத் தக்க சான்று.

1993 ஆகஸ்டில் இயன் மர்டாக் தொடங்கிய டெபியன், எவரும் பார்க்கவும் திருத்தவும் பகிரவும் உரிமையளிக்கும் கட்டற்ற மென்பொருள்களைத் தொகுத்து, ஏறத்தாழ 2 ஆண்டுகளுக்கு ஒருமுறை ‘நிலையான வெளியீடு’ ஒன்றை அளித்துவருகிறது. ஒவ்வொரு வெளியீட்டுக்கும் 3 ஆண்டுகள் முழு ஆதரவும், அதன்பின் 2 ஆண்டுகள் நீண்டகால ஆதரவும் உண்டு. இதன் நிர்வாகிகளுக்கான கையேட்டை ரஃபாயேல் ஹெர்ட்சோக், ரோலான் மாஸ் ஆகிய இருவரும் முதலில் பிரெஞ்சு மொழியில் எழுதினர். பின்னர் பொதுமக்களிடம் நிதி திரட்டி, 2012இல் ஆங்கில வடிவத்தைக் கட்டற்ற உரிமத்தில் வெளியிட்டனர். ‘ஃபால்கட் கார்ப்’ என்ற கற்பனை நிறுவனம் டெபியனுக்கு மாறுவதை எடுத்துக்காட்டாகக் கொண்டே நூல் நகர்கிறது. பதிப்புதோறும் அந்நிறுவனம் புதிதாக டெபியனுக்கு மாறுகிறது. மெய்யான நிறுவனங்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அவை இருக்கும் கணினியை அழிக்காமல் அப்படியே அடுத்த வெளியீட்டுக்கு மேம்படுத்துகின்றன. டெபியனின் பெருமைகளுள் ஒன்றாகச் சொல்லப்படும் இந்த வசதிதான் கையேட்டாசிரியரின் தலைவலிக்கும் மூலகாரணம்.

2017இல் வந்த டெபியன் 9இல், வலையமைப்பு அட்டைகளுக்குப் பெயரிடும் முறை மாறியது. அதுவரை முதல் அட்டைக்கு ‘ஈத்0’ என்ற பெயர் வழங்கியது. புதிய முறையில், அட்டை கணினிக்குள் எந்த இடத்தில் செருகப்பட்டுள்ளது என்பதைக் கொண்டு நீண்டதொரு பெயர் அமைகிறது. ஆனால் முந்தைய வெளியீட்டிலிருந்து மேம்படுத்தப்பட்ட கணினிகளில் பழைய பெயரே தொடர்ந்தது. இம்மாற்றமாவது கண்ணுக்குத் தெரியக்கூடியது, ஏனெனில் தவறான பெயரை இட்டால் இணைப்பே கிடைக்காது.

பதிவேடுகளின் கதை இன்னும் நுட்பமானது. கணினியில் நிகழ்பவற்றை எழுதிவைக்கும் ‘ஆர்சிஸ்லாக்’ என்ற மென்பொருள், 2023 ஜூனில் வெளியான டெபியன் 12 முதல் இயல்பாக நிறுவப்படுவதில்லை. அந்தப் பணியை ‘சிஸ்டம்டி’ என்னும் சேவை மேலாளரின் சொந்தப் பதிவேடே செய்கிறது. அதனால் புதிதாக டெபியன் 12 நிறுவியவர், பழைய வழக்கப்படி ‘சிஸ்லாக்’ என்ற கோப்பைத் தேடினால் அது இருக்காது. மேம்படுத்தியவரின் கணினியிலோ பழைய மென்பொருள் நீக்கப்படாமல் ஓடிக்கொண்டிருக்கும். கோப்பும் நாள்தோறும் வளர்ந்துகொண்டிருக்கும். ‘பிழை நேர்ந்தால் சிஸ்லாக் கோப்பைப் பாருங்கள்’ என்ற வாக்கியத்தைத் திருத்தவந்தவர் இப்போது என்ன செய்வார்? அப்படியே விட்டால் புதியவர் திகைப்பார். நீக்கிவிட்டால், பல ஆண்டுகளாக அந்தக் கோப்பையே நம்பித் தம் கண்காணிப்பு நிரல்களை அமைத்தவருக்கு நூலில் இடமில்லாமல் போகும்.

டெபியன் 13இல் (2025 ஆகஸ்ட்) இதே வேறுபாடு கோப்புகளை இழக்கும் அளவுக்குச் சென்றது. தற்காலிகக் கோப்புகளுக்கென உள்ள இரண்டு அடைவுகளில், ஒன்றில் 10 நாட்களுக்கும் மற்றொன்றில் 30 நாட்களுக்கும் மேல் தீண்டப்படாமல் கிடப்பவை புதிதாக நிறுவிய கணினிகளில் தாமாகவே அழிக்கப்படுகின்றன. மேம்படுத்தப்பட்ட கணினிகளில் பழைய நடைமுறையே காக்கப்படுகிறது. ‘டெபியன் 13இல் இவ்வாறு நிகழும்’ என்று வெளியீட்டு எண்ணை மட்டும் சொல்லித் தொடங்கும் எந்த வாக்கியமும் இங்கே போதாது. தம் கணினி இவ்விரண்டில் எவ்வகையைச் சேர்ந்தது என்பதை வாசகரே சோதித்தறியும் கட்டளையை முதலில் தந்து, விளக்கத்தை அதன்பின் வைப்பதே நேர்மையான வழி. பக்கங்கள் கூடினாலும் பரவாயில்லை.

புதிதாக நிறுவியதா, மேம்படுத்தியதா என்ற வேறுபாடின்றி எல்லாக் கணினிகளிலும் பழைய வாக்கியம் மெய்போலவே தோன்றிக்கொண்டு, பொருள் மட்டும் மாறிவிடும் இடங்களும் உண்டு. சாதாரணப் பயனர் நிலையிலிருந்து நிர்வாகி நிலைக்கு மாற உதவும் ‘எஸ்யு’ கட்டளை, 2019இல் வந்த டெபியன் 10இல் வேறொரு மென்பொருள் தொகுப்பிலிருந்து எடுக்கப்பட்டது. கடவுச்சொல்லைக் கேட்பதும் நிர்வாகி நிலைக்கு அழைத்துச் செல்வதும் முன்போலவே நடந்தன. ஆனால் கட்டளைகளைத் தேடும் அடைவுகளின் பட்டியல் மட்டும் சாதாரணப் பயனருடையதாகவே நின்றுவிட்டது. விளைவாக, நிர்வாகிக்கே உரிய கட்டளைகளை இட்டவருக்கு ‘அப்படியொரு கட்டளை இல்லை’ என்ற பதிலே கிடைத்தது. ‘எஸ்யு’ என்பதன் பின் ஒரு சிறுகோடு இட்டால் பட்டியலும் மாறிவிடும். கையேட்டில் செய்யவேண்டிய திருத்தம் அந்த ஒற்றைக் கோடுதான். அது தேவை என்பதைப் பழைய பத்தியைப் படித்துப் பார்த்து எவராலும் கண்டுபிடிக்க முடியாது. ஒவ்வொரு கட்டளையையும் புதிய வெளியீட்டில் மீண்டும் இட்டுப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. அதே வெளியீட்டில் ‘ஐபிடேபிள்ஸ்’ என்ற தீச்சுவர்க் கட்டளையும் பெயர் மாறாமலே, உள்ளே ‘என்எஃப்டேபிள்ஸ்’ என்ற புதிய அமைப்பின் மீது இயங்கத் தொடங்கியது.

இத்தகைய திருத்தங்களின் சுமை மூலநூலோடு முடிவதில்லை. மொழிபெயர்ப்புகளுக்காக நூல் பத்தி பத்தியாகப் பிரிக்கப்பட்டு, மூலப் பத்தியும் அதன் மொழியாக்கமும் இணை இணையாகக் கோப்புகளில் வைக்கப்படுகின்றன. மூலத்தில் ஒரு சிறுகோடு கூடினாலும் அந்தப் பத்தியின் மொழியாக்கம் ‘ஐயத்துக்குரியது’ என்ற குறியீட்டைப் பெறுகிறது; மொழிபெயர்ப்பாளர் ஒருவர் சரிபார்த்து அக்குறியீட்டை நீக்கும்வரை, அந்த மொழி நூலில் அவ்விடத்தில் ஆங்கிலப் பத்தியே அச்சாகும். பிழை மலிந்த தாய்மொழிப் பத்தியைவிடச் சரியான ஆங்கிலப் பத்தி மேல் என்ற முடிவு இதில் அடங்கியிருக்கிறது. கட்டளைகளைப் பொறுத்தவரை அது சரியே. முன்னுரைக்கும் பொது விளக்கங்களுக்கும் அதே விதியைப் பொருத்துவது சற்று மிகையானது. இக்கோப்புகளைத் தன்னார்வலர்கள் எவ்வாறு பங்கிட்டுக்கொள்கின்றனர் என்பது அடுத்த பகுதியில்.

(தொடரும்)